சாவி குடுக்கற குரோனோகிராஃப் வாட்ச் மக்கர் பண்ணா: எது கோளாறு, எது அதோட சுபாவம்

என் கையில இருக்கறது மாமாவோட குரோனோகிராஃப், அதாவது ஸ்டாப்வாட்ச்சும் சேர்ந்த வாட்ச். அவர் கப்பல்ல வேலை பார்த்தவர், 1973-ல சிங்கப்பூர்ல கரை இறங்கினப்ப வாங்கினது. உள்ள வால்ஜூ 7733 மெஷின், 17 ஜூவல் (தேய்மானம் கொறைக்க வைக்கற கல்லு), ரெண்டு குட்டி டயல், ரெண்டு பட்டன், நடுவுல சாவி குடுக்கற கிரவுன், அவ்வளவுதான், தேதி கூட கிடையாது. எனக்கு வந்து எட்டு வருஷம் ஆச்சு. மொதல் ரெண்டு வருஷம் இத தூக்கிட்டு நான் நடந்த நடைக்கு ரெண்டு ஜோடி செருப்பு தேஞ்சிருக்கும், ஆனா பாதிக்கு மேல வெட்டி நடை, ஏன்னா கோளாறுன்னு நெனச்சு எடுத்துட்டு போனதுல பலது கோளாறே இல்ல.

பாரிஸ் கார்னர் பக்கம் ஒரு மாடிப்படிக்கு அடியில ஒரு பாய் கடை வச்சிருக்கார், ஆள் உக்காந்தா தலை இடிக்கற உயரம். அவர்தான் ஒருநாள் பொறுக்க முடியாம சொன்னார், "தம்பி, தப்பு எப்பவும் ஒரே மாதிரி நடக்குதா, இல்ல வேளைக்கு ஒரு மாதிரி நடக்குதா, அத பாத்து எழுதிட்டு வா, சும்மா சும்மா தொறக்க சொல்லாத." அந்த ஒரு கேள்விய வச்சுதான் நான் இப்போ எல்லாத்தையும் பாக்கறேன், கீழ வர்றதும் அப்படித்தான். ஓமேகாவோட ஸ்பீட்மாஸ்டர், ரஷ்யாக்காரங்களோட போல்ஜோட் 3133, சீனாவோட சீகல் 1963 எது வச்சிருந்தாலும் பெரும்பாலும் பொருந்தும், ஏன்னா உள்ள இருக்கற தத்துவம் கிட்டத்தட்ட ஒண்ணுதான்.

ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி ஒரு சின்ன நோட்டும் போன்ல சரியான நேரமும் இருந்தா போதும். பின்மூடிய நீங்களா தொறக்காதீங்க. யூடியூப் பாத்து தொறந்தவங்க கொண்டுவந்த வாட்ச்ச பாய் ஒரு டப்பால போட்டு வச்சிருக்கார், பாத்தா மனசு கஷ்டமா இருக்கும்.

ஒரு நாளைக்கு நிமிஷக் கணக்குல வேகமா ஓடுது

மொதல்ல ஒரு கணக்கு. ஒரு நாளைக்கு 86,400 செகண்டு. பத்து செகண்டு தப்பா ஓடினாலும் அது நூத்துல 0.012 பங்கு கூட இல்ல. அம்பது வருஷ மெஷின் பத்து பதினஞ்சு செகண்டு முன்ன பின்ன போனா கையெடுத்து கும்பிட்டுட்டு போட்டுக்கோங்க. ஆனா நேத்து வரைக்கும் ஒழுங்கா இருந்தது இன்னைக்கு திடீர்னு மூணு நாலு நிமிஷம் முன்னாடி ஓடுதுன்னா, பத்துக்கு எட்டு தடவை காந்தம் ஏறியிருக்கும்.

எனக்கு நடந்தத சொல்றேன். ஒரு வாரமா தெனம் காலைல நாலு நிமிஷம் வேகம். ஒரு மால்ல இருக்கற பளபளா கடையில காட்டினேன், முழு சர்வீஸ் பண்ணனும், மூவ்மெண்ட் வெளியூர் போகணும், ஆறு வாரம் ஆகும்னு ஒரு தொகை சொன்னாங்க, அந்த காசுக்கு ஒரு நல்ல பழைய பைக்கே வரும். அப்புறம் பாய்கிட்ட போனேன். அவர் டிராயர்ல இருந்து பழைய காம்பஸ், அதாவது ஸ்கூல் பசங்க வச்சிருக்கற திசைகாட்டி, எடுத்து மேஜைல வச்சு என் வாட்ச்ச பக்கத்துல மெதுவா நகர்த்தினார். வடக்க காட்டிட்டு இருந்த முள்ளு வாட்ச் பக்கம் லேசா தலைய திருப்பிச்சு. "எங்க தூங்க வைக்கற இத?"ன்னு கேட்டார். கட்டில் பக்கத்துல போன் ஒட்டி வைக்கற காந்த ஸ்டாண்டு, அது காலடியிலதான் ஒரு வாரமா வாட்ச் படுத்திருக்கு.

நடக்கறது என்னன்னா, பேலன்ஸ் வீல, அதாவது அங்கயும் இங்கயும் ஆடி நேரத்த அளக்கற சக்கரத்த, ஆட்டற ஹேர்ஸ்பிரிங் கொசுவத்தி மாதிரி சுத்து சுத்தா இருக்கும், காந்தம் ஏறினா பக்கத்து பக்கத்து சுத்து ஒட்டிக்கும், ஸ்பிரிங்கோட நீளம் கொறஞ்ச மாதிரி ஆயிடும், நீளம் கொறைஞ்சா வேகம் கூடும். தீர்வு ஒரு சின்ன நீல கலர் டீமேக்னடைசர் டப்பா, ஆன்லைன்ல சில நூறு ரூபாய்க்கு கெடைக்குது. வாட்ச்ச மேல வச்சு, பட்டன அமுக்கி, அமுக்கினபடியே வாட்ச்ச நேரா மேல தூக்கிட்டே போகணும், ஒரு கை நீளம் தூரம் போனப்புறம்தான் பட்டன விடணும். பக்கத்துல இருக்கும்போதே விட்டீங்கன்னா இருந்தத விட அதிகமா ஏத்தி விட்டுருவீங்க, நான் மொத தடவை அதையும் பண்ணியிருக்கேன்.

டீமேக்னடைஸ் பண்ணியும் அதே வேகம்னா, கீழ விழுந்தோ அடிபட்டோ ஹேர்ஸ்பிரிங் ஒண்ணு மேல ஒண்ணு ஏறி மாட்டியிருக்கலாம், இல்ல எண்ணெய் பட்டு ஒட்டியிருக்கலாம். அது கடைக்கு போக வேண்டிய கேஸ். போன் கவர், டேப்லெட் மூடி, லேப்டாப் ஸ்பீக்கர், ஹேண்ட்பேக் க்ளிப், இண்டக்‌ஷன் அடுப்பு, எல்லாத்துகிட்ட இருந்தும் தள்ளி வைங்க. புது ஸ்பீட்மாஸ்டர்ல வர்ற 3861 மெஷின் 15,000 காஸ் (காந்த பலத்தோட அளவு) வரைக்கும் தாங்கும், அவங்களுக்கு இந்த கவலையே இல்ல, நமக்குத்தான்.

மெதுவா ஓடுது, இல்ல ராத்திரி நின்னு போகுது

இங்க அவசரப்படாம பிரிச்சு பாக்கணும். காலைல முழுசா சாவி குடுங்க, குரோனோ ஓடாம நிறுத்தி வைங்க, 24 மணி நேரம் விட்டுட்டு எவ்வளவு தப்புன்னு எழுதுங்க. அடுத்த நாள் அதே மாதிரி சாவி குடுத்து குரோனோவ நாள் முழுக்க ஓட விடுங்க, மறுபடி எழுதுங்க. ரெண்டாவது நாள் கொஞ்சம் மாறினா அது இயல்பு. இந்த பழைய டிசைன்ல குரோனோ ஆன் பண்ணா ஒரு சின்ன பல்சக்கரம் பக்கவாட்டுல நகர்ந்து வந்து நடு சக்கரத்தோட கோர்த்துக்கும், அந்த கூடுதல் சுமைய பேலன்ஸ்தான் தாங்கணும், அதனால அதோட வீச்சு இருபது முப்பது டிகிரி கொறையறது சகஜம். குரோனோ ஆஃப்ல நல்லா ஓடி, ஆன் பண்ணா மட்டும் நிக்குதுன்னா பல் கோர்க்கற ஆழம் அதிகமா இருக்கு, இல்லாட்டி எண்ணெய் காஞ்சு மெஷினுக்கு தெம்பு இல்ல. ரெண்டு நாளும் நிக்குதுன்னா குரோனோ மேல பழி போடாதீங்க, அடிப்படை மெஷினே சர்வீஸ் கேக்குது.

இதுல ஒரு விசேஷமான கேஸ் இருக்கு. நிக்கறது எப்பவும் ஒரே நேரத்துலயா? என் பிரண்டோட வாட்ச் தெனமும் மூணேகால் வாக்குல நிக்கும். கண்ணாடி மாத்தி ஒரு வாரம்தான் ஆகியிருந்தது. லென்ஸ் வச்சு சைடுல பாத்தா மணி முள்ளு மூணு மணி பக்கம் இருக்கற குட்டி டயலோட முள்ளு மேல உரசிட்டு போகுது, கண்ணாடி மாத்தினப்ப யாரோ மணி முள்ள அழுத்திட்டாங்க. முள்ள ஒரு தலைமுடி அளவு தூக்கினதும் சரியாச்சு, காசு கூட வாங்கல. அதே நேரம், அதே எடம்னு நின்னா முள்ளு உரசுது, இல்ல ஏதோ ஒரு சக்கரத்துல ஒரு பல்லு அடிபட்டிருக்கு. கண்ட நேரத்துல நின்னா அழுக்கு, எண்ணெய், ஸ்பிரிங்.

ராத்திரி எப்படி படுக்க வைக்கறீங்கங்கறதும் கணக்குல வரும். டயல் மேல பாத்து ஒரு வாரம், கிரவுன் மேல பாத்து ஒரு வாரம் வச்சு எழுதுங்க. ஒவ்வொரு வாட்ச்சுக்கும் ஒரு பக்கம் வேகம் ஒரு பக்கம் மந்தம்னு இருக்கும், பகல்ல கெடைக்கற தப்ப ராத்திரி படுக்கைல ஈடு கட்டிக்கலாம். என்னோடது டயல் மேல பாத்து படுத்தா வேகம், சாவி மேல பாத்து நின்னா மந்தம், இப்படி மாத்தி மாத்தி வச்சே ஒரு மாசத்துக்கு ரெண்டு நிமிஷத்துக்குள்ள வச்சிருக்கேன்.

சாவி குடுக்கும்போது ஏதோ சரியில்ல

ஆட்டோமேட்டிக் வாட்ச்சுல பழகினவங்களுக்கு ஒரு பயம் இருக்கும், அதிகமா சாவி குடுத்தா ஸ்பிரிங் அறுந்துடும்னு. கையால சாவி குடுக்கற வாட்ச்சுல ஸ்பிரிங் முழுசா சுத்தினதும் கிரவுன் இனிமே திரும்பாதுன்னு சொல்லும், நல்லா தெளிவா ஒரு முட்டு வரும், அங்க நிறுத்திடணும், அவ்வளவுதான். முழுசா சாவி குடுத்ததால ஸ்பிரிங் கெடாது, முட்டுனப்புறமும் வீம்புக்கு திருகினாதான் கெடும். ஒரு தடவை எண்ணி வச்சுக்கோங்க, என்னோடது சுமார் 35 அரைச்சுத்து. எண்ணிக்கை தெரிஞ்சா கடைசி நாலஞ்சு சுத்த மெதுவா பண்ணலாம், அப்புறம் எண்ணிக்கை திடீர்னு மாறினா ஏதோ நடக்குதுன்னும் தெரியும். தெனமும் ஒரே நேரத்துல குடுங்க, எனக்கு பில்டர் காபி இறங்கற நேரம்.

கையில கட்டிக்கிட்டே சாவி குடுக்காதீங்க. விரல் கோணலா தள்ளும், கிரவுனோட தண்டு வளையும். அதுவும் குரோனோகிராஃப்ல ரெண்டு பட்டனுக்கு நடுவுல கிரவுன் ஒளிஞ்சிருக்கும், ஸ்பீட்மாஸ்டர்ல கேஸே கொஞ்சம் பிதுங்கி கிரவுன மூடிட்டு நிக்கும், கட்டைவிரல் தோல் உரிஞ்சுதான் போகும். கழட்டிட்டு, கிரவுனோட மேல்பாதிய மட்டும் விரல் நுனியால முன்னாடி தள்ளி விட்டு தள்ளி விட்டு சுத்தினா வலி தெரியாது.

இனி கோளாறுகள். கிரவுன் சுத்திக்கிட்டே இருக்கு, முட்டு வரவே இல்ல, வாட்ச்சும் ஓடல, இது மெயின் ஸ்பிரிங் அறுந்தது. சாவி குடுத்துட்டு விரல எடுத்ததும் கிரவுன் சர்ர்னு பின்னாடி சுத்துதுன்னா, ஸ்பிரிங்க புடிச்சு வைக்கற க்ளிக் போச்சு. கிரவுன் தண்டோட கையோட வந்துருச்சுன்னா பதறாதீங்க, உள்ள ஒரு சின்ன ஸ்க்ரூ தளர்ந்திருக்கும், அஞ்சு நிமிஷ வேலை. ஆனா தண்ட மறுபடி உள்ள குத்தி தள்ளாதீங்க, ஒரு டப்பால போட்டு அப்படியே எடுத்துட்டு போங்க. சாவி குடுக்கும்போது மணல அரைக்கற மாதிரி கரகரன்னா எண்ணெய் காஞ்சு போச்சு. நல்ல வாட்ச்சுக்கு அந்த சத்தம் எப்படி இருக்கும்னா, ராத்திரி அமைதியா இருக்கும்போது காதுகிட்ட வச்சு திருகி பாருங்க, கிரிக் கிரிக்னு ஒரே அளவா, தூரத்துல பூச்சி கத்தற மாதிரி இருக்கும்.

ஸ்டார்ட் பட்டன் அமுக்கினா செகண்டு முள்ளு துள்ளுது

எனக்கு ரொம்ப மன உளைச்சல் குடுத்தது இதுதான். 12-ல நிக்கற நீள முள்ளு, பட்டன அமுக்கின நொடி டக்னு அரை செகண்டு முன்னாடி குதிக்கும், சில சமயம் பின்னாடி கூட ஒரு உதறு உதறும், அப்புறம் ஒழுங்கா ஓடும். நான் இதுக்காக மூணு தடவை கடைக்கு போனேன்.

மேல சொன்ன அந்த பல் கோர்க்கற விஷயம்தான் இங்கயும். ஒரு சக்கரத்தோட பல்லு இன்னொரு சக்கரத்தோட ரெண்டு பல்லுக்கு நடுவுல சரியா எறங்கினா முள்ளு அமைதியா கிளம்பும். பல்லும் பல்லும் நுனியோட நுனி முட்டிக்கிட்டா, ஒண்ணு இன்னொண்ண ஒரு பக்கம் தள்ளிட்டுதான் எறங்கும், அந்த தள்ளுதான் துள்ளல். ஷேர் ஆட்டோல கடைசியா ஏறினவர் இடுப்ப நுழைச்சு எடம் புடிக்கற மாதிரி. இந்த கோர்வை முறைக்கே பொறந்த குணம் இது, லட்சக்கணக்குல காசு குடுத்து வாங்கின வாட்ச்சுலயும் இருக்கும். இப்போ வர்ற பல வாட்ச்சுல செங்குத்தா ஒட்டற க்ளட்ச் வச்சிருக்காங்க, அதுல துள்ளாது.

எப்போ கவலைப்படணும்? பத்து தடவை ஸ்டார்ட் பண்ணி பாருங்க. நாலு தடவை துள்ளி ஆறு தடவை துள்ளாம கிளம்பினா விட்டுடுங்க. பத்துக்கு பத்தும் பெருசா துள்ளினா ஆழத்த சரி பண்ண உள்ள மையம் தள்ளின ஒரு ஸ்க்ரூ இருக்கு, தெரிஞ்சவர் திருகணும். கிளம்பின அப்புறமும் ஓட ஓட முள்ளு நடுங்கிக்கிட்டே போனா, இல்ல அங்கங்க திக்கி திக்கி போனா, நடு சக்கரத்த லேசா அழுத்தி புடிக்கற மெல்லிசு ஸ்பிரிங் தளர்ந்திருக்கு. அது உண்மையான கோளாறு. இங்க மட்டும் பாயோட கேள்விய கொஞ்சம் திருப்பி போடணும், வேளைக்கு ஒரு மாதிரி நடக்கறதுதான் இங்க ஆரோக்கியம்.

பட்டன அமுக்கற விதமும் இருக்கு. பயந்து பயந்து மெதுவா அமுக்கினா பாதி வழில கோர்வை தடுமாறும். காலிங் பெல் அமுக்கற மாதிரி ஒரே அழுத்து.

ரீசெட் பண்ணா முள்ளு 12-க்கு வரமாட்டேங்குது

இங்க பாயோட கேள்வி அப்படியே வேலை செய்யும். ஸ்டார்ட், ஸ்டாப், ரீசெட், இத பத்து தடவை பண்ணி ஒவ்வொரு தடவையும் முள்ளு எங்க வந்து நிக்குதுன்னு எழுதுங்க.

பத்து தடவையும் ஒரே எடம், உதாரணமா 12-க்கு ஒரு செகண்டு தள்ளி, அப்படின்னா மெஷின் சரியா இருக்கு. முள்ள மாட்டும்போதே கோணலா மாட்டியிருக்காங்க, இல்ல ஒரு அதிர்ச்சில லேசா நகர்ந்திருக்கு. உள்ள இதயம் வடிவத்துல ஒரு தகடு இருக்கு, ஹார்ட் கேம்னு சொல்வாங்க, ரீசெட் பண்ணும்போது சுத்தி மாதிரி ஒண்ணு அது தலைல அடிக்கும், எந்த எடத்துல இருந்தாலும் இதயம் உருண்டு அதோட பள்ளத்துக்கு வந்து நிக்கும். அது சரியா நிக்குது, மேல மாட்டின முள்ளு மட்டும்தான் தப்பு. கழட்டி திருப்பி மாட்டற வேலை, சின்னது.

ஒவ்வொரு தடவையும் வேற வேற எடத்துல நின்னா, முள்ளு தண்டுல லூசா இருக்கு, இல்ல சுத்தி முழுசா அடிக்கல. லூசான முள்ளுன்னா ரீசெட் அதிர்ச்சிலயே வழுக்கும், இன்னைக்கு ஒரு செகண்டு, அடுத்த மாசம் அஞ்சு செகண்டு. இத தள்ளிப்போடாதீங்க, முள்ளு கழண்டு டயல் மேல விழுந்தா டயல் கீறும், அம்பது வருஷ டயலுக்கு மாற்று கெடைக்காது.

இன்னொண்ணு, குரோனோ ஓடிட்டு இருக்கும்போது ரீசெட் அமுக்காதீங்க. 7733, ஸ்பீட்மாஸ்டர் மாதிரி வாட்ச்சுல அது பூட்டி இருக்கும், அமுங்காது, அமுங்கலைன்னா விட்டுடுங்க, பலம் காட்டாதீங்க. பழைய லாண்டரான் 48 வச்சிருக்கறவங்க கவனிங்க, உங்க வாட்ச்சுல மேல் பட்டன் ஸ்டார்ட்டுக்கு மட்டும்தான், நிறுத்தறதும் ரீசெட்டும் கீழ் பட்டன். "ஸ்டாப் வேலை செய்யல"ன்னு இத ரிப்பேருக்கு குடுத்தவர் ஒருத்தர நானே பாத்திருக்கேன்.

நிமிஷ கவுண்டர் முன்னாடியே நகருது, இல்ல நகரவே மாட்டேங்குது

நீள முள்ளு 58, 59-ல வரும்போதே குட்டி முள்ளு அசைய ஆரம்பிச்சு 60-ல டக்னு அடுத்த கோட்டுக்கு போனா, அப்படித்தான் போகணும். நடு சக்கரத்துல இருக்கற ஒரு விரல் சுத்துக்கு ஒருதடவை பக்கத்து சக்கரத்த ஒரு பல்லு தள்ளும், அந்த தள்ளல் ஆரம்பிக்கற நேரம் அது. ரெண்டு கோடு தாண்டினா, இல்ல சில நிமிஷம் தவற விட்டா, அந்த தள்ளலோட ஆழம் தப்பு, கடைக்கு.

கண்ணுக்கு வர்ற கோளாறு ஒண்ணு இருக்கு: இந்த குட்டி டயல் 30 நிமிஷம்தான் எண்ணும், அதுக்கு மேல மறுபடி மொதல்ல இருந்து. குக்கர்ல கொண்டைக்கடலைய வச்சுட்டு 12 நிமிஷம் ஆச்சுன்னு உக்காந்திருந்தேன், 42 ஆகியிருந்தது.

குரோனோவ ஆன் பண்ணவே இல்ல, மணி கவுண்டர் தானா நகருது

6 மணி பக்கம் 12 மணி நேர கவுண்டர் இருக்கற வாட்ச்சுங்களுக்கு மட்டும் வர்ற வியாதி, ஸ்பீட்மாஸ்டர், வால்ஜூ 72 எல்லாம். அந்த கவுண்டருக்கு சக்தி நேரா மெயின் ஸ்பிரிங் இருக்கற பேரல்ல இருந்தே உராய்வு மூலமா வருது, குரோனோ நின்னிருக்கும்போது ஒரு லீவர் அத புடிச்சு வச்சிருக்கும். எண்ணெய் காஞ்சு உராய்வு கூடிப்போச்சுன்னா, இல்ல புடிக்கற லீவர் பலவீனமானா, ராத்திரில பூனை மாதிரி நகர்ந்துடும். உடனே ஆபத்து இல்ல. அடுத்த சர்வீஸ்ல ஞாபகமா சொல்லுங்க, சொல்லலைன்னா கவனிக்க மாட்டாங்க, ஏன்னா அவங்க மேஜைல இருக்கற பத்து நிமிஷத்துல அது நகர்றது தெரியாது.

பட்டன் கல்லு மாதிரி இருக்கு

பட்டன் வேலைய கேம், அதாவது மேடு பள்ளமான ஒரு தகடு, பாத்துக்கற மெஷின்ல மொத அழுத்து கொஞ்சம் முரடாத்தான் இருக்கும், காலம் வீல் (column wheel, குட்டி குட்டி தூண் நிக்கற சக்கரம்) வச்சதுல வெண்ணெய் மாதிரி போகும். ஸ்பீட்மாஸ்டர்லயே 1968 வாக்குல காலம் வீல் வச்ச 321 மெஷின் போய் கேம் வச்ச 861 வந்துச்சு, பழச போட்டு பாத்தவங்க இன்னும் அத பத்தி பெருமூச்சு விடுவாங்க. ஆனா போன மாசம் மெதுவா இருந்தது இந்த மாசம் முரடாச்சுன்னா, வேர்வை உப்பு. சென்னை வெயில்ல பட்டனோட கழுத்துல வெள்ளையா படியும். லேசா ஈரமான மெல்லிசு துணி, பழைய மிருதுவான டூத் பிரஷ், அதுக்கு மேல எதுவும் வேண்டாம். தேங்கா எண்ணெய் ஒரு சொட்டு விட்டா சரியாயிடும்னு என் சித்தப்பா சொன்னார், அவர் வீட்ல கதவு கீல்ல இருந்து தையல் மெஷின் வரைக்கும் எல்லாத்துக்கும் அதுதான் மருந்து. வாட்ச்சுல வேண்டாம், உள்ள எறங்கி பிசினாயிடும்.

செகண்டு வரைக்கும் சரியா செட் பண்ண முடியல

கிரவுன வெளிய இழுத்தாலும் செகண்டு முள்ளு நிக்காம ஓடிட்டே இருக்கு, அதுக்கு ஹேக்கிங் வசதி இல்ல, பழைய மெஷின் பலதுல கிடையாது. ரெண்டு வழி. ஒண்ணு சோம்பேறி வழி, வாட்ச் தானா தீர்ந்து நிக்கட்டும், மறுநாள் நேரம் செட் பண்ணி வச்சுட்டு, போன்ல அந்த செகண்டு வரும்போது சாவி குடுங்க. இன்னொண்ணு, கிரவுன இழுத்து முள்ள பின்னோக்கி திருப்பற திசைல ரொம்ப லேசா அழுத்தம் குடுத்து புடிச்சா, பல மெஷின்ல செகண்டு முள்ளு நின்னு காத்திருக்கும், விட்டதும் ஓடும். நிக்காம அடம் புடிச்சா, இல்ல பின்னாடி போக ஆரம்பிச்சா விட்டுடுங்க. நிமிஷ முள்ளு கோட்டுக்கு கோடு நிக்கணும்னா, வேணுங்கற நேரத்த அஞ்சு நிமிஷம் தாண்டி போய் மெதுவா பின்னாடி கொண்டு வாங்க, பல்லுக்கு நடுவுல இருக்கற ஆட்டம் அடங்கும்.

ஸ்டாப் பண்ணா முள்ளு கோட்டுல நிக்காம நடுவுல நிக்குது

இது கணக்கு. என் 7733 ஒரு மணி நேரத்துக்கு 18,000 தடவை அடிக்குது, செகண்டுக்கு அஞ்சு, டயல்ல செகண்டுக்கு அஞ்சு பாகம் போட்டிருந்தா முள்ளு கோட்டுல சரியா உக்காரும். 861 மெஷின் 21,600 அடிக்குது, செகண்டுக்கு ஆறு. ஆனா டயல்ல பழக்கத்துக்கு அஞ்சு பாகமே போட்டுட்டு இருந்தாங்க, ஆறு அடி அஞ்சு கோட்டுல எப்படி உக்காரும்? 2021-ல வந்த ஸ்பீட்மாஸ்டர்லதான் அத மூணு பாகமா மாத்தினாங்க. அதுக்கு முந்தின டயல் வச்சிருக்கறவங்க லென்ஸ எடுத்து வச்சுட்டு தூங்கலாம்.

கண்ணாடி கீறல், உள்ள பனி

கண்ணாடின்னு சொன்னாலும் அது பிளாஸ்டிக், அக்ரிலிக். கதவு நிலை, பஸ் கம்பி, மாவு கிரைண்டர் எது உரசினாலும் கீறும். ஆனா உடையாம கீறும், சில்லு சில்லா தெறிக்காது, விண்வெளிக்கு போன ஸ்பீட்மாஸ்டர்ல இதுதான் இருந்துச்சு, காத்துல கண்ணாடி தூள் மிதந்தா அங்க பெரிய ஆபத்து. கீறல எடுக்க பாலிவாட்ச் பேஸ்ட் ஒரு துளி, பழைய காட்டன் பனியன் துணி, ரெண்டு மூணு நிமிஷம் வட்டமா. அதுக்கு முன்னாடி பெசல, அதாவது கண்ணாடிய சுத்தி இருக்கற வளையத்த, டேப் ஒட்டி மூடிடுங்க. பாலிவாட்ச் இல்லைன்னா வெள்ளை டூத்பேஸ்ட்டும் ஓரளவு வேலை செய்யும், ஜெல் பேஸ்ட் ஆகாது. ஆனா தின்னர், நெயில் பாலிஷ் ரிமூவர், சானிடைசர் பக்கத்துல கூட வேண்டாம், அக்ரிலிக் உள்ளுக்குள்ளயே வலை மாதிரி வெடிக்கும், அதுக்கு மருந்து கண்ணாடி மாத்தறதுதான்.

உள்ள பனி புடிச்சா மட்டும் ஒரு நாள் கூட தாமதிக்காதீங்க. வெயில்ல இருந்து ஏசி கார்ல ஏறினதும் உள்பக்கம் மூடுபனி வந்தா உள்ள ஈரம் இருக்கு, வாஷர் செத்துப்போச்சு. அரிசி டப்பால போட்டு வைக்கறதால உள்ள இருக்கற ஈரம் போகாது, மூடி தொறந்தாதான் போகும், அதுக்குள்ள தண்டுல துரு புடிச்சுடும். பின்மூடில வாட்டர் ரெசிஸ்டண்ட்னு என்ன எழுதியிருந்தாலும் அம்பது வருஷ வாட்ச்சுக்கு அது செல்லாத நோட்டு. தண்ணிக்குள்ள பட்டன அமுக்கறது சொந்த செலவுல சூனியம் வைக்கறது.

இருட்டுல முள்ளு மின்னலைன்னு புகார் குடுக்கறவங்களுக்கு: டயலோட கீழ் ஓரத்துல ரெண்டு பக்கமும் டி-ங்கற எழுத்து இருந்தா அதுல பூசியிருக்கறது டிரிஷியம்ங்கற கதிரியக்கப் பொருள், அதோட அரை ஆயுசு 12.3 வருஷம். அம்பது வருஷத்துல நாலு தடவை பாதி பாதியா கொறைஞ்சு, பதினாறுல ஒரு பங்கு கூட மிஞ்சல. சரி பண்ண ஒண்ணும் இல்ல. மறுபடி பூசி தரேன்னு யாராவது சொன்னா வாட்ச்ச பிடுங்கிட்டு வந்துடுங்க.

கடைக்கு போறப்போ "ஓடல அண்ணே"ன்னு மட்டும் சொல்லாதீங்க. சாவி எத்தனை சுத்துல முட்டுது, குரோனோ ஆஃப்ல எவ்வளவு, ஆன்ல எவ்வளவு, பத்து ரீசெட்டுல முள்ளு எங்க எங்க நின்னுது, எந்த நேரத்துல நிக்குது, இத நோட்டுல காட்டுங்க. அஞ்சாறு வருஷத்துக்கு ஒரு தடவை முழுசா கழட்டி கழுவி எண்ணெய் போட்டா போதும், அதுக்கு நடுவுல வெறும் எண்ணெய மட்டும் மேலாப்புல சொட்டு விட்டு தர்றவங்ககிட்ட ஜாக்கிரதை. கேஸ பாலிஷ் பண்ண வேண்டாம்னு வாயால சொல்லாம எழுதியே குடுங்க. நான் வாயால சொல்லிட்டு வந்ததோட பலன், மாமா கப்பல் ஏணில இடிச்ச ஒரு தழும்பு லக் (ஸ்ட்ராப் மாட்டற கொம்பு) ஓரத்துல இருந்துச்சு, வேற ஒரு கடையில அத ஆசையா தேச்சு கண்ணாடி மாதிரி பண்ணி குடுத்துட்டாங்க.

போன வாரம் கடைசியா போனப்ப பாய் என் நோட்ட வாங்கி ரெண்டு பக்கம் புரட்டினார், அப்புறம் வாட்ச்ச தொறக்காமலே திருப்பி குடுத்துட்டு டீ சொன்னார்.